அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதால்...

இந்தப் பகுதியில் எத்தனையோ சகோதரிகள் தங்கள் ஆஸ்பத்திரி அனுபவங்களை எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்த பிறகுதான் நாமும் எழுதவேண்டும் என்று தோன்றியது. விஷயம் கொஞ்சம் கூச்சமானதுதான். ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பதால்தானே இவ்வளவும் நடக்கிறது?

எனக்கு ஓரகத்தி ஒருவர் உண்டு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயது 42. மூன்று பிள்ளைகள். நடவு, களை, கரும்புக்குச் சோகை உரிப்பது என்று எந்த வேலைக்கும் அசராதவர். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமானது. எங்கள் ஊர்க் கிழவிகள் பெரும்பாடு என்பார்கள். ஐந்து நாளில் நிற்பது பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று இழுத்தது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. வாழைப்பூவும் அத்திக்காயும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் நடவு வயலில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் வீட்டுக்கே தெரிந்தது.

தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று ஒரு தனியார் நர்ஸிங் ஹோமுக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "கட்டி இருக்கு. கர்ப்பப்பையை எடுத்துடலாம். விட்டா பின்னாடி கேன்சராயிடும்" என்றார். மொத்தமே ஐந்து நிமிஷம்தான். கேன்சர் என்ற சொல்லைக் கேட்டபிறகு எங்கள் யாருக்கும் வாய் திறக்கவில்லை.

அக்காவுக்கும் ஒரு பக்கம் நிம்மதிதான். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். "மூணு பெத்தாச்சு. இனிமே அந்தப் பை எதுக்குடி தங்கச்சி? மாசா மாசம் இந்தத் தொல்லையும் இல்ல, கூலியும் போகாது" என்றார். நம்மில் நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறோம். வளையலை அடகு வைத்துப் பணம் கட்டத் தயாராகிவிட்டார் அக்காவின் கணவர்.

அட்மிட் ஆன அன்று சாயங்காலம் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். எல்லாம் இங்கிலீஷ். மாமா பேனாவை எடுத்துவிட்டார். நான் பத்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவேன். "கொஞ்சம் இருங்க மாமா" என்று வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. நடுவில் கோடிட்ட இடத்தில் பேனாவால் எழுதியிருந்ததில் 'பைலேட்டரல்' என்று ஒரு வார்த்தை. ஸ்கூலில் எங்கேயோ படித்த ஞாபகம், இரண்டு பக்கமும் என்று அர்த்தம். கர்ப்பப்பை ஒன்றுதானே, இதிலே என்ன இரண்டு பக்கம்?

நர்ஸிடம் கேட்டேன். அவர் சாதாரணமாக, "அது சினைப்பைங்க. ரெண்டு பக்கமும் இருக்கும்ல, அதையும் சேர்த்து எடுக்கறது" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரைக்கும் யாருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமாவுக்குக் கோபம் என் மேல்தான் வந்தது. "நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா? பெரியவங்க செய்யறதைச் செய்யட்டும், குறுக்க பேசாத" என்றார். என் மாமியாரும் அவர் கட்சிதான். டாக்டர் வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். பின்னால் சினைப்பையில் கேன்சர் வராமல் இருப்பதற்காகச் சேர்த்து எடுத்துவிடுவது என்று சொன்னார். அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதை எடுத்தா எனக்கு என்ன ஆவும் டாக்டர்?" என்று கேட்டார். "மாதவிலக்கு நின்னுடும். உடம்பு கொஞ்சம் சூடா இருக்கும், அவ்வளவுதான்" என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வூட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வரேங்க" என்று எழுந்துவிட்டார். ஸ்கேன் காசும் ஒரு நாள் ரூம் வாடகையும் கட்டிவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் யாரும் யாரிடமும் பேசவில்லை.

என் தம்பி கடலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான். நடந்ததை அவனிடம் சொன்னேன். "அக்கா, இதுக்கு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே இருக்கு" என்று வக்கீலிடம் கேட்டு வந்து சொன்னான். சமீரா கோலி வழக்கு என்பார்களாம். 1995-ம் வருடம் மே மாதம் டில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் உதிரப்போக்குக்காக டாக்டரிடம் போயிருக்கிறார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்குத்தான் முக்கியமாக ஒப்புக்கொண்டிருந்தார். மயக்க மருந்து கொடுத்த பிறகு, வெளியே காத்திருந்த வயதான தாயாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவர் விடாமல் வழக்கு நடத்தினார். 2008 ஜனவரி 16-ல் தீர்ப்பு வந்தது. வயது வந்து, சுயநினைவோடு இருக்கும் ஒருவருக்காக வேறு யாரும் சம்மதம் கொடுக்க முடியாது, அது தாயாராக இருந்தாலும் சரி என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில் மட்டும்தான் விதிவிலக்கு. டாக்டருக்கு ஃபீஸ் தரவேண்டியதில்லை, நஷ்டஈடாக 25,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. (ஒரு பெண்ணின் உடம்புக்கு 25,000 ரூபாய்தானா என்று எனக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது. போகட்டும்.)

அந்தத் தீர்ப்பிலேயே, சம்மதம் வாங்குவதற்கு முன் டாக்டர் என்னென்ன சொல்லவேண்டும் என்றும் இருக்கிறதாம். என்ன ஆபரேஷன், எதற்காகச் செய்கிறார்கள், வேறு வழி இருக்கிறதா, இதில் முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும், இவ்வளவையும் நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டும். அக்கா கேட்டது இதில் ஒரு கேள்விதான். மாமா கையெழுத்து போட்டிருந்தால்கூட அக்காவின் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது என்று தம்பி சொன்னபோது, மாமா ஒன்றும் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இன்னொரு விஷயமும் சொன்னான். மகாராஷ்டிரத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிலக்கு நாளில் லீவு போட்டால் கூலி போகிறது, அதற்கு மேல் அபராதமும் கட்டவேண்டும் என்று கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2019-ல் அரசாங்கம் 82,000 பெண்களுக்கு மேல் விசாரித்ததில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்திருந்தது தெரியவந்தது. அக்கா இதைக் கேட்டுவிட்டு, "நானும் கூலியைத்தானே நெனச்சேன்" என்றார். ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு டாக்டர் 2013-ல் போட்ட பொதுநல வழக்கில், தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைக் கண்காணிக்க மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்கவேண்டும் என்று 2023 ஏப்ரல் 5-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது.

சரி, சட்டம் இருக்கட்டும். அக்காவுக்கு ரத்தம் போய்க்கொண்டுதானே இருக்கிறது? அடுத்த வாரமே ஜிப்மருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விடியற்காலை கிளம்பி, பாகூர் வந்து, புதுச்சேரி பஸ் பிடித்து, அங்கிருந்து கோரிமேடு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் 1823-ல் மருத்துவப் பள்ளியாக ஆரம்பித்து, 1964-ல் ஜிப்மர் ஆனது என்பார்கள். நம் பக்கத்து ஜனங்களுக்கு அது பெரியாஸ்பத்திரிதான். கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். சோறு கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது.

அங்கே முதலில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 12 இருக்கவேண்டிய இடத்தில் அக்காவுக்கு 7 தான் இருந்தது. தைராய்டு பார்த்தார்கள். மறுபடி ஸ்கேன். கர்ப்பப்பையின் உள்பக்கத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கேன்சரா இல்லையா என்று அதில்தான் தெரியுமாம். ஸ்கேனில் கட்டி தெரிவதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாதாம். நல்லவேளையாக ஒன்றும் இல்லை. தெலுங்கு கலந்த தமிழில் பேசிய ஒரு சின்ன வயது லேடி டாக்டர், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டுக் காட்டினார். இது கர்ப்பப்பை, இது சினைப்பை, இங்கேதான் நார்க்கட்டி இருக்கிறது என்று. இந்த மாதிரிக் கட்டி ஏராளமான பெண்களுக்கு இருக்குமாம். கேன்சராக மாறுவது மிக மிக அபூர்வமாம். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடுமாம். சினைப்பையைப் பற்றி நானே கேட்டேன். அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்தான் எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பாம். நல்ல நிலையில் இருப்பதை இந்த வயதிலேயே எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரம் தேய்ந்து போகலாம், இதய நோய் வரும் வாய்ப்பும் கூடும் என்றார். கேன்சரோ, பரம்பரையாக வரும் ஆபத்தோ இருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும், அது வேறு விஷயம் என்றும் சொன்னார். அந்தச் சீட்டை அக்கா இன்னும் வைத்திருக்கிறார்.

உதிரப்போக்கு குறைய மாத்திரையும், ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஹார்மோன் வைத்த காப்பர்-டி மாதிரி ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் பொருத்திக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா அது வேண்டாம் என்றுவிட்டார். அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

இதோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி ஆகவில்லை. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். ரத்தம் ஊறி ஹீமோகுளோபின் 11-க்கு வந்தது. ஆனால் கட்டி வளர்ந்துவிட்டது, போக்கும் முழுசாக நிற்கவில்லை. இனி ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர்களும் சொன்னார்கள், அக்காவும் தீர்மானித்தார். கர்ப்பப்பை மட்டும். சினைப்பை இரண்டும் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். சில மாமியார்கள் மாதிரி "அப்பவே எடுத்திருந்தா இந்த அலைச்சல் இல்லையே" என்று என் மாமியாரும் முணுமுணுத்தார். ரத்தம் 7 இருக்கும்போது கத்தி வைப்பதற்கும் 11 இருக்கும்போது வைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் அன்று காலையில் நான் குளிக்கப் போன நேரம். ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "பச்சை வயித்தோட கத்தி வெக்கறதா? பெத்தவளா இருந்தா பாத்துக்கிட்டிருப்பாளா?" என்று பிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் டீயைக் கொடுத்துவிட்டார். அக்கா குடித்தும் விட்டார். நல்லவேளை, மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டபோது மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆபரேஷன் அன்றைக்கு இல்லை என்றாகி, வேறு நாளுக்குத் தள்ளிப்போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சாப்பிடக்கூடாது என்று சொன்னார்களே தவிர ஏன் என்று மாமியாருக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. நானே சொல்லவில்லை. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே எதுக்களித்து வந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பால் கலந்த டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்குக் கணக்கு வேறு, அதை டாக்டரிடம்தான் கேட்டுக்கொள்ளவேண்டும். இதைச் சொன்னதும் மாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது. "நானே என் மருமகளைக் கொன்னிருப்பேனே" என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை அட்மிட் ஆனபோது ஒரு வேடிக்கை. வார்டில் ஒருவர் பெயர் கேட்டார். வாசலில் ஒருவர் கேட்டார். உள்ளே போனதும் இன்னொருவர், "உங்க பேர் என்ன, என்ன ஆபரேஷன்னு சொல்லுங்க" என்றாராம். "கையிலதான் சீட்டு வெச்சிருக்காங்களே, என்னை எதுக்கு இத்தனை தரம் கேக்கறாங்க?" என்று அக்காவுக்குப் பயமே வந்துவிட்டதாம். ஆள் மாறாட்டம் நடந்துவிட்டதோ என்று! அப்படி நடந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்தக் கேள்வியே. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கென்று 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் கொண்டுவந்தது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் அதுல் கவாண்டே என்ற அமெரிக்க டாக்டர். அவர் பெற்றோர் நம் இந்தியாவிலிருந்து போனவர்கள்தான். டில்லி உட்பட எட்டு நகரங்களில் இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்ததில், ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்களாம். புது மெஷினும் இல்லை, புது மருந்தும் இல்லை. பெயரைக் கேட்பது, எந்த இடம் என்று கேட்பது, எண்ணிப் பார்ப்பது, அவ்வளவுதான். ஆகவே யாராவது நாலாவது தரம் பெயர் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தடவை சம்மதத் தாள் வந்ததும் மாமா அதைத் தொடவே இல்லை. "அவகிட்ட குடுங்க" என்றார். அக்கா என்னைப் படிக்கச் சொல்லி, 'பைலேட்டரல்' இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்தபிறகு கையெழுத்து போட்டார். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்க நேரமானது. நர்ஸம்மா பொறுமையாக நின்றிருந்தார்.

முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். அந்த ஊசி போட்டால் காலத்துக்கும் முதுகுவலி என்று ஊரில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், காலத்துக்கும் வராது என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்ததால் அக்கா தைரியமாக இருந்தார். மறுநாளே பிடித்து நடக்க வைத்தார்கள். பார்க்க நமக்கு மனசு பதறும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். வீட்டுக்கு வந்ததும் பத்தியச் சண்டை. பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பெரிய அத்தை ரசம் சோறு மட்டும்தான் போட்டார். தையல் ஆறுவதற்குத்தானே பருப்பும் முட்டையும் மீனும் வேண்டும்! ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அப்படியே எழுதியிருந்ததைக் காட்டிய பிறகுதான் குழம்பில் பருப்பு விழுந்தது. ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது என்று அதே தாளில் இருந்தது. அதை மட்டும் எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டோம் என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். எடுத்த உறுப்பைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதன் ரிப்போர்ட் வருவதற்குள் நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். வலி நின்றதும் அதை வாங்கப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். நான் போய் வாங்கிவந்தேன். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு அரிசி டிரம்முக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நாம் கேட்டால் நம் சிகிச்சை விவரங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. முதலில் போன நர்ஸிங் ஹோமின் ஸ்கேனைக்கூட அப்படிக் கேட்டுத்தான் வாங்கினேன். முறைத்தார்கள், கொடுத்துவிட்டார்கள்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். இந்தப் போகத்துக்கு நடவுக்குப் போனார். ஊரில் யாருக்காவது பெரும்பாடு என்றால் அவரைத்தான் தேடி வருகிறார்கள். அவர் அந்த ஓ.பி. சீட்டுப் படத்தைக் காட்டி விளக்கம் கொடுக்கிறார். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ஒரு துளி பட்டாலும் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போய்விடவேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் விடாமல் சொல்கிறார்.

மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நேற்று ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, முதல்ல எந்தக் கண்ணு? ஏன் அந்தக் கண்ணு? அன்னிக்குக் காலைல நான் டீ குடிக்கலாமா கூடாதா, எல்லாத்தையும் இப்பவே கேட்டு எழுதி வெச்சிடு" என்றார்.

- ஒரு வாசகி, குருவிநத்தம்.